ஐம்பதாம் நம்பர் ஆயில்

சித்ராதேவி லாரிக்கு அடியில் கோரைப்பாயை விரித்து மல்லாந்து கிடந்தாள். கையை நீட்டி, இஞ்சினுக்குக் கீழே தொங்கும், ஆயில் தேங்குகிற சம்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வீட்டுக்குள் அப்பாவின் பாதமும் இதே மாதிரிதான் இருந்தது. கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"சித்ரா! குளிப்பாட்டப் போறோம், சீக்கிரம் வா." வாசலிலிருந்து சாந்தகுமாரி சித்தியின் குரல். "அப்பா அங்க கிடக்கிறாரு, பொண்ணு இங்க மெக்கானிக் வேலை பாக்குது. என்ன கூத்தோ!"

"ரெண்டு நிமிஷம் சித்தி."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? எழுந்து வாடி."

வெளியே வந்து பாயைச் சுருட்டி நிமிர்ந்தபோது முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலிகளில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சாவு வீட்டில் மகள் என்ன செய்தாலும் அழுகையில் சேர்த்தி என்று விட்டுவிடுவார்கள்போல.

அப்பா சொக்கன் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று மாதமாக நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் அந்த வாரம் அவர்கள் தெருவுக்கு மின்சார முறை பகல் ஒரு மணிக்கு மேல்தான். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் மிஷினை ஓட்டியது லாரியின் பேட்டரிகள். இரண்டையும் கழற்றி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இன்வெர்ட்டரில் மாட்டி, மனுஷனுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றது. பேட்டரியில் மிச்சம் இருந்ததோ கொஞ்சம். அதைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடியும் லாரியில் மாட்டி, காலையில் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் 'ஊம்' என்றது. இன்னொரு தரம் அதைவிட மெதுவாக 'ஊ...ம்' என்றது. அதோடு சரி. மூன்றாம் தரம் திருப்பாமல் சாவியை உருவிக்கொண்டாள். இருக்கிற தெம்பையும் தீர்த்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை.

பேட்டரி மட்டும் காரணமில்லை. இஞ்சின் பழசு. மெல்லிசான ஆயிலை ஊற்றினால் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் சொக்கன் எப்போதும் ஐம்பதாம் நம்பர் ஆயில்தான் ஊற்றுவார், கெட்டியோ கெட்டி. ரங்கூன் வெயிலுக்கு அது சரி. தை மாதத்துக் காலைக் குளிரில் வெல்லப்பாகாட்டம் சம்பில் உட்கார்ந்துகொண்டு இஞ்சினைச் சுற்ற விடாது. தெம்புள்ள பேட்டரியாக இருந்தால் எப்படியாவது சுற்றிவிடும். இப்போது ஒரே வழி ஆயிலைச் சூடாக்கி இளக்குவது.

அதற்கு வண்டியிலேயே ஏற்பாடு உண்டு. ஜப்பானில் பனி கொட்டுகிற வடக்குத் தீவிலிருந்து வந்த லாரி அது. சம்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர்த் தகடு ஒட்டியிருக்கும், அதற்குள் ஹீட்டர். அதன் ஒயர் முன் பம்பருக்குக் கீழே பிளக்கோடு தொங்கும். ராத்திரி செருகிவிட்டால் காலையில் வண்டி முனகாமல் கிளம்பும். ரங்கூனில் இறங்குகிற வண்டிகளில் முதல் வேலையாக அதைக் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். இந்த வேகிற ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? சொக்கன் மட்டும் தொட விடவில்லை. "கலோ மலையில ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திப் பாருங்கடா, அப்ப தெரியும்" என்பார். தெருப்பிள்ளைகள் அதற்கு 'வால் லாரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வாலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது ஜப்பான் கரண்டுக்குச் செய்தது, நூறு வோல்ட். இங்கே சுவரிலிருந்து வருவது இருநூற்று முப்பது. நடுவில் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி ஒன்று வேண்டும். அதுவும் வீட்டில் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானை கனத்தில். இல்லாதது கரண்ட் மட்டும்தான்.

"எடுத்துட்டுப் போகத் தர்ம வண்டிக்குத்தான் சொல்லியாச்சே, இப்ப லாரி எதுக்கு?" என்று காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் அம்மாவில் போய் நிற்கும்.

நோய் ஊரையே வாரிக்கொண்டு போன அந்த ஆடி மாதம், அம்மா மங்கலம் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். சொக்கன் கொட்டுகிற மழையில் லாரித் தட்டைக் கழுவிப் பாய் விரித்து, மேலே தார்ப்பாய் கட்டித் தயாராக வைத்திருந்தார். வந்தவர்கள் வெள்ளை அங்கி போட்ட நாலு பேர். வீட்டார் யாரும் கூட வரக்கூடாது என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கு அவர்களுக்கு அது எத்தனையாவது வீடோ. சொக்கன் லாரிச் சாவியைக் கையில் வைத்தபடி கேட்டில் நின்று, வேன் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் லாரியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். எங்கேயும் போகவில்லை. டீசல் தீருகிற வரைக்கும் முற்றத்திலேயே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு, "என்னையாவது நம்ம வண்டியில கொண்டு போ" என்றார். அதற்குப் பிறகும் பலமுறை சொன்னார். போன வாரம் பேச முடியாமல் போனபோது சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்து அமுக்கினார்.

அதனால்தான் லாரி.

அய்யாசாமி சித்தப்பா திண்டாடிக்கொண்டிருந்தார். சொக்கனின் ஒரே தம்பி. கோயில் தர்மகர்த்தா, அறுபத்தைந்து வயது, இடது கண்ணில் புரை விழுந்த மனிதர். சொக்கனின் மகன் பாலசந்தர் மலேசியாவில். வந்தால் அரசாங்கம் திரும்பிப் போக விடாது என்பதால் போன் திரையில் முகம் மட்டும் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தது. ஆகக் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பிதான். விடிந்ததிலிருந்து அவர் சடங்குகளைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் ஓட்டிக்கொண்டிருந்தார். விளக்கு எந்தப் பக்கம், தலை எந்தத் திசை, பாடை எடுக்கிறவரைக்கும் அடுப்பு எரியக் கூடாது, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு கேளுடா முரளி" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கொள்ளி வச்சிட்டா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. வச்சவன் பாக்கவே கூடாது. போறவங்களுக்குப் போக மனசு வராது."

முரளிதரன் லான்மடா பகுதியில் போன் கடை வைத்திருப்பவன். தமிழ் நன்றாகப் புரியும், பேச வந்தால் பாதியில் பர்மியப் பேச்சுக்குத் தாவிவிடுவான். தலையை ஆட்டினான். பிறகு சித்ராவிடம் மெதுவாக வந்து, "அக்கா, பக்கத்து வீட்டு டோ கின்கிட்ட சின்ன ஜெனரேட்டர் இருக்கு. கேக்கட்டுமா?" என்றான்.

அந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்று சித்ராவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ராத்திரியே டீசல் இல்லை, பெட்ரோல் இல்லை என்று கைவிரித்த தெரு இது. ஆனால் சாவுக்கு ஒரு லிட்டர் யாரும் கொடுப்பார்கள்.

"கேளுடா, நல்லா இருப்ப. சாமி படத்துக்குப் பின்னாடி பெட்டி இருக்கு. அதை நடுவுல போட்டுத்தான் செருகணும். மறந்துடாத."

"சரிக்கா."

உள்ளே போய் அப்பாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். தண்ணீர் ஊற்றினார்கள். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். மெலிந்துபோயிருந்த முகம் விபூதி பூசியதும் பழைய முகமாகிவிட்டது. இப்போதே எழுந்து "ஹீட்டர் போட்டியா?" என்று கேட்கிற முகம். வெளியே ஜெனரேட்டர் படபடத்தது. போட்டாச்சுப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாய்க்கரிசியைக் கையில் அள்ளினாள்.

இரண்டாம் தரம் அரிசி போடும்போது ஊதுபத்தி வாசத்தைத் தாண்டி ஒரு நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம்.

அரிசிக் கையோடு ஓடினாள். லாரிக்கு அடியிலிருந்து கரும்புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. முரளி பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பெட்டி எங்கடா?"

"சின்ன ஜெனரேட்டர்தானே அக்கா. அதுல வர்ற மீ… கரண்ட் வீக்கா இருக்கும்னு நெனச்சேன். பெட்டி வேற போட்டா இன்னும் வீக்காயிடுமேன்னு…"

அவனை அறைய வேண்டும்போல வந்தது. கையில் அரிசி இருந்தது. குனிந்து பார்த்தாள். தகடு உப்பி, வெடித்து, ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. இருபது வருஷமாக யாரையும் தொட விடாமல் வைத்திருந்த வால். ஒரு நிமிஷத்துக்குள் போய்விட்டது.

"மன்னிச்சிடுக்கா" என்றான் முரளி. முகம் வெளிறியிருந்தது.

"போடா" என்றாள். அதற்கு மேல் திட்ட வரவில்லை. உள்ளே போய் மிச்ச அரிசியை அப்பாவின் வாயில் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குள், காசு வாங்காமல் சவம் ஏற்றும் அந்தத் தர்ம வண்டி வந்து தெருவோரம் நின்றிருந்தது. அதன் டிரைவர் காஜா மைதீன், தாடி நரைத்த ஆள், தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றுவிட்டு முற்றத்துக்கு வந்தார். கரிந்த வாசத்தையும் லாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதாக இல்லை.

"நம்ம வேன்லயிருந்து ஒயர் போட்டுத் தரலாம்னா அது பன்னெண்டு வோல்ட்டு, இது இருபத்தினாலு. தள்ளிப் பாக்கலாமா தங்கச்சி?"

"முன்னாடி சுவரு பாய். பின்னாடி மேடு. தள்ள முடியாது."

"ம்." தாடியைத் தடவினார். "ரேவே சுடுகாட்டுல நம்ம முறை பதினொண்ணு. விட்டா நாளைக்குத்தான். அப்புறம் எனக்கு இதே பக்கத்துல இன்னொரு வீடு காத்திருக்கு, சின்னப் பிள்ளை. பத்தரை வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல உங்க அப்பாவை நான்தான் ஏத்திக்கணும். கோவிச்சுக்காதீங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் சித்ராவுக்குத் தாங்கவில்லை. அங்கே ஒரு பிள்ளை படுத்துக் கிடக்கிறது. இங்கே இவள் ஒரு லாரிக்காக அடம்பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் விட மனசு வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டோ கின் நின்றிருந்தாள். என்ன வேண்டும் என்று பர்மியப் பேச்சில் கேட்டாள். கரி நெருப்பு என்றாள் சித்ரா. கரண்ட் போகிற ஊரில் எல்லார் வீட்டிலும் கரி அடுப்புதான். டோ கின் கணகணவென்று எரிகிற தன் மண் அடுப்பை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"அம்மா, நில்லுங்க. உள்ள வராதீங்க." அய்யாசாமி சித்தப்பா கையை நீட்டி மறித்தார். "உங்க மருமக மாசமா இருக்கா. சாவு வீட்டுக்கு உங்க வீட்டு நெருப்பைத் தரக்கூடாது. உங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது."

டோ கின் கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்பைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, நீங்களே பேசி முடியுங்கள் என்கிற மாதிரி பார்த்தாள்.

"சித்தப்பா, இது அடுப்பு மூட்ட இல்ல. லாரிக்கு அடியில வைக்க."

"எதுக்கா இருந்தா என்ன? எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டுல எரியறது விளக்கு, கொள்ளிச்சட்டி. வேற நெருப்பு கிடையாது."

"அரை மணி நேரம்தான் சித்தப்பா."

"அரை நிமிஷம்கூட கிடையாது." அவர் குரல் உயர்ந்தது. "அண்ணிக்கு என்ன செஞ்சோம்? சொல்லு. குளிப்பாட்டினோமா? அரிசி போட்டோமா? கொள்ளி வச்சது யாரு? சாம்பல்கூட அவங்களோடதுதானான்னு தெரியாம வாங்கிட்டு வந்து ஆத்துல கரைச்சேன். அண்ணனுக்காவது ஒரு குறை இல்லாம செய்யணும். லாரியாம் லாரி!"

சித்ரா அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து இந்த மனுஷன் ஏன் இப்படிச் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவருக்குச் சடங்கு, அவளுக்கு லாரி. இரண்டு பேருக்கும் வலிக்கிற இடம் ஒன்றுதான். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் நேரம் நிற்காது.

விளக்குக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் மேல் கொள்ளிச்சட்டி இருந்தது. தேங்காய் நாரும் கரியும் போட்டு அவரே மூட்டியது. சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தச் சட்டியைக் குடுங்க" என்றாள்.

"எந்தச் சட்டியை?"

"இந்த வீட்டுல எரியக்கூடிய நெருப்பு அதுதானே. அதைக் குடுங்க."

"அடிப் பாவி!" என்றாள் சாந்தகுமாரி சித்தி.

அய்யாசாமியின் வாய் திறந்து மூடியது. சித்ரா அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். கருகிய ஒயர் பம்பருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காஜா மைதீன் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சின்ல என்ன ஆயில்?" என்று கேட்டார் சித்தப்பா.

"அம்பது."

"அம்பதா?" நாக்கைச் சப்புக் கொட்டினார். "அண்ணன் திருந்தவே மாட்டாரு. அந்தத் தட்டு எங்க?"

"எந்தத் தட்டு?"

"இரும்புத் தட்டு, நீளக் கைப்பிடி வச்சது. தூக்கிப் போட்டிருக்க மாட்டாரே."

டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், அடியில் ஜாக்கியோடு ஒரு இரும்புத் தட்டு கிடந்தது. இத்தனை வருஷமும் அதைச் சேறு வழிக்கிற தகடு என்றுதான் நினைத்திருந்தாள். சித்தப்பா அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். "கரி மூட்டை இருக்கில்ல? கொண்டா. முரளி, ஒரு வாளி மணல் எடுத்து வை. பழந்துணி குடு."

"அப்பா, நீங்க எதுக்கு? வேட்டி அழுக்காயிடும்" என்றான் முரளி.

"நீ வாலைக் கருக்கினது போதும். தள்ளு."

கொள்ளிச்சட்டியிலிருந்து கனிந்த கங்குகளைக் குறடால் எடுத்துத் தட்டில் வைத்தார். இரண்டு கங்கை மட்டும் சட்டியிலேயே விட்டு, "இது அணையாம பாத்துக்கணும்" என்று மனைவியிடம் கொடுத்தார். தட்டுக் கங்கின் மேல் புதுக்கரியைப் பரப்பி, தீக்கொழுந்து அடங்கிச் சிவக்கிறவரை விசிறினார். பிறகு, கொள்ளி வைப்பதற்கென்று கட்டியிருந்த புது வேட்டியோடு லாரிக்கு அடியில் நுழைந்தார்.

"இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" முரளி பர்மியப் பேச்சில் கேட்டது தாயாரிடம்.

"உங்கப்பா என்ன தர்மகர்த்தாவாவே பொறந்தாரா? பெரியப்பா டிரைவர், இவரு அவர்கிட்ட ஸ்பெயார், கூடவே போற கிளீனர். ஆறு வருஷம் அப்ப இருந்த பழைய லாரியோட தொங்கிட்டுத்தான் திரிஞ்சாரு. கோயில்ல சேந்த பெறகு வெளிய சொல்றதில்ல" என்றாள் சாந்தகுமாரி, சட்டியை ஊதிக்கொண்டே.

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சம்பு முழுக்க ஆயில் கசிஞ்சிருக்கு. நல்லாத் தொடைக்கணும். ஒரு சொட்டு கங்குல விழுந்துச்சு, அண்ணனோட நாமளும் சேந்து போயிடுவோம்."

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

சித்ராவும் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். தட்டைச் சம்புக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி, கைப்பிடியால் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் சூடு பிடிக்கக் கூடாதாம். கங்கின் வெளிச்சத்தில் அவர் முகம் வியர்த்திருந்தது.

"கலோவுல விடியக்காலம் இப்படித்தான்" என்றார். "நான் தட்டை ஆட்டிக்கிட்டு இருப்பேன். அண்ணன் மேல போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு. 'தம்பி, சூடாச்சா'ம்பாரு. 'இல்லண்ணே'ம்பேன். எனக்கு இங்க கதகதன்னு இருக்கும், வெளிய வர மனசு இருக்காது. ஆயில் கொதிச்சாக்கூட இல்லண்ணேன்னுதான் சொல்லுவேன்." தோளில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவருக்குத் தெரியும். ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

தட்டு முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.

நடுவில் இரண்டு தடவை ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்க்கச் சொன்னார். முதல் தடவை கம்பியின் நுனியில் ஆயில் திரண்டு, தேன் மாதிரி நீளமாக நூலிழுத்து, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. "இன்னும்" என்றார். காஜா மைதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் தடவை நூல் இழுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக உதிர்ந்தது.

"ஏறு" என்றார் சித்தப்பா. தட்டை வெளியே இழுத்துக்கொண்டு அவரும் வந்தார். முதுகு முழுக்கப் புழுதி, வேட்டியில் ஆயில் கறை. "நான் சொல்ற வரைக்கும் சாவியைத் தொடாத. லைட்டு, கியிட்டு எல்லாம் அணைஞ்சிருக்கா பாரு. கிளட்ச்சை முழுசா மிதி."

மிதித்தாள். அப்பா, இந்த ஒரு தரம் என்று வாய்விட்டே சொன்னாள்.

"அடி!"

இஞ்சின் 'ஊம்' என்றது. மறுபடி 'ஊம்'. காலையில் நின்றுபோன இடத்தைத் தாண்டி மூன்றாவது சுற்றும் சுற்றியது. நாலாவதில் ஒரு சிலிண்டர் பிடித்து உதறியது, அப்புறம் இன்னொன்று. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு லாரி மொத்தமாகக் குலுங்கி, நின்று ஓட ஆரம்பித்தது.

யாரும் கைதட்டவில்லை. கல்யாண வீடா என்ன? அதுவரை அழாமல் இருந்த சாந்தகுமாரி சித்தி மட்டும் கொள்ளிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தானே, ஒங்க வண்டி கிளம்பிருச்சு அத்தானே" என்று ஓலமிட்டாள். சித்ரா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். இஞ்சின் அதிர்வு நெற்றி வழியாக உடம்பெல்லாம் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதாள்.

காஜா மைதீன் ஜன்னல் பக்கம் வந்து கதவை ஒருதரம் தட்டினார். "ஆஃப் பண்ணிடாதீங்க தங்கச்சி. திரும்பி வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றார். தர்ம வண்டி அந்தப் பிள்ளை வீட்டைப் பார்த்துப் போய்விட்டது.

சித்தப்பா தட்டிலிருந்த கங்குகளைப் பொறுக்கிச் சட்டியில் திரும்பப் போட்டார். ஒவ்வொன்றாக, சாம்பலை ஊதிவிட்டுப் போட்டார். சாம்பிராணி தூவினார். பாடையை லாரித் தட்டில் ஏற்றினார்கள்.

"ஓட்டறது யாரு?" என்று கேட்டாள் சித்தி. "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கமில்லையே."

"உன் மகன் ஆட்டோ கியர் வண்டிதான் ஓட்டுவான். எனக்குக் கண்ணு தெரியாது. நீ ஓட்டுறியா?" என்றார் சித்தப்பா.

அவர் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, சட்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். ரங்கூனில் வண்டி ஓடுவதும் சாலையின் வலது பக்கம். முந்திப் போக வேண்டுமென்றால் எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது, இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஸ்பெயார்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இடது பக்கக் கண்ணாடி வேறு எப்போதோ உடைந்து, சொக்கன் மாற்றாமலே விட்டிருந்தார். பெருஞ்சாலையில் ஏறியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்தது. சித்ரா தயங்கினாள். சித்தப்பா தலையை வெளியே நீட்டி நல்ல கண்ணால் பார்த்தார்.

"நில்லு… நில்லு. பஸ் வருது. ம், போலாம். அடிச்சுப் போ."

அந்தக் குரல் அவள் கேட்டிராத குரல். கோயிலில் பேசுகிற குரல் இல்லை. ரேவே வரைக்கும் அந்தக் குரலை வைத்துத்தான் ஓட்டினாள்.

சுடலையில் கேஸ் சூளைதான். லாரியைப் பின்னாலேயே எடுத்து, சூளைக் கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி, லாரித் தட்டு அதைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினாள். இறக்கினார்கள். சித்தப்பா சட்டியோடு இறங்கும்போது, "நீ இங்கயே இரு. இஞ்சின் நின்னுடாம பாத்துக்க" என்றார். அது வழக்கத்துக்காகச் சொன்னதா, இஞ்சினுக்காகச் சொன்னதா என்று அவள் கேட்கவில்லை. ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மந்திரம் சொல்வது கேட்டது, சட்டி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்புக் கதவு ஒன்று மூடியது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆயில் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளகிய ஆயிலில் அது சரியான இடத்தில் நின்றது.

முரளியும் மற்றவர்களும் நேராக நடந்து கேட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் பின் ஒருவராக, கழுத்தைத் திருப்பாமல். சித்தப்பா ஈர வேட்டியோடு வந்து இடது பக்கம் ஏறினார். கையில் ஒன்றும் இல்லை. கற்பூர வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து வந்தன.

"திரும்பிப் பாக்காம கிளம்பு" என்றார்.

முன்னால் இன்னொரு வீட்டுப் பஸ் குறுக்கே வந்து நின்றிருந்தது. அதன் டிரைவரைக் காணோம். பஸ்ஸைச் சுற்றி வெளியே போக வேண்டுமென்றால் முதலில் ஒரு வண்டி நீளம் பின்னால் போயாக வேண்டும், கொட்டகையைப் பார்த்து. பின்னால் ஒரு ஓரம் சாக்கடை இருந்தது, ஆட்களும் நின்றார்கள்.

"சித்தப்பா, ரிவர்ஸ் எடுக்கணும்."

அவர் பஸ்ஸைப் பார்த்தார். அந்தப் பக்கம் கண்ணாடி இருந்திருந்தால்கூட, திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு சாக்கு இருந்திருக்கும். வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. சித்ரா தன் பக்கத்துக் கண்ணாடிக்குத் திரும்பினாள்.

"நீ பாக்காத" என்றார் சித்தப்பா. "முன்னாடி பாரு. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

கதவைத் திறந்து படியில் நின்றார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, கொட்டகையின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கதவுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வா" என்றார். "வா… இன்னும் வா."

அவர் தட்டுவதை நிறுத்துகிறவரைக்கும் சித்ரா முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.